சீனப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

2018 செப்டம்பரிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை, சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு சிறு நகரத்து நடுநிலைப் பள்ளியில் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தங்க அறை, பள்ளிச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சப் பணம், அவ்வளவுதான். அதற்கு முன் கனடாவின் ஸ்காபரோவில் இருபது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். "நாங்களும் போகலாமா அக்கா?" என்று இங்குள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் முதலில் உங்கள் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள்.

ஆங்கில ஆசிரியர் வேலை அனுமதிக்கு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் குடியுரிமையைச் சீன அதிகாரிகள் கேட்பார்கள். கனடா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு, எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுத்தான் இருக்கிறது. இது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனாலும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். குடியுரிமையோடு ஒரு பட்டமும், இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழும், காவல்துறைச் சான்றும் வேண்டும். நான் போனபோது இந்தத் தாள்களுக்கு முதலில் கனடா அரசிடமும் பிறகு சீனத் தூதரகத்திலும் முத்திரை வாங்க அலைந்தேன். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் (சொந்த நாட்டின் ஒரே முத்திரையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஏற்பாடு) வந்துவிட்டதால் இப்போது அந்த அலைச்சல் குறைவு.

"தன்னார்வலர்தானே, சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு முகவர் எனக்கு எழுதினார். அந்தப் பேச்சு வந்தாலே விலகிவிடுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். நிலைமை மோசமானால் காவலிலும் வைப்பார்கள். ஒரு ஆண்டு இருக்கப்போகிறவர்களுக்கு இசட் விசாதான், அதாவது வேலை விசாதான், சரியான வழி. போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும், 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியிலிருந்து ஒருவர் கூட வருவாரா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நம்மவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வேறொரு இடத்தில் எல்லாம் பேசி முடிந்த பிறகு என் புகைப்படத்தைக் கேட்டார்கள். அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை. கறுத்த முகத்தை ஆங்கில ஆசிரியராக ஏற்கத் தயங்கும் இடங்கள் உண்டு. அதனால் முதல் மடலிலேயே படத்தை அனுப்பிவிடுவது நல்லது. உங்கள் காலம் வீணாகாது. என்னை எடுத்த பள்ளியில் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கக் கேள்வி கேட்டார்கள், இரண்டாம் வாரத்தில் நான் வெறும் 'லாவ்ஷ்', அதாவது டீச்சர், ஆகிவிட்டேன்.

இலக்கணம் நடத்த உங்களைக் கூப்பிடவில்லை. அதை அங்குள்ள ஆசிரியர்கள் நம்மைவிட ஒழுங்காக நடத்துகிறார்கள். பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பதுதான் உங்கள் வேலை. எனக்கு ஒரு வகுப்பில் 56 பேர், 45 நிமிடம். ஒவ்வொருவராக எழுப்பினால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் மாதம் அப்படித்தான் செய்து வீணாக்கினேன். அப்புறம் பக்கத்து வரிசைகளை முகம் பார்த்துத் திரும்ப வைத்தேன். இரண்டு நிமிடம் குறிப்பு எழுத, மூன்று நிமிடம் எதிரில் இருப்பவரிடம் பேச, பிறகு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்து அதையே புது ஆளிடம் சொல்ல. மூன்றாவது முறை சொல்லும்போது குரல் தானாக உயரும். தலைப்பாக 'என் பொழுதுபோக்கு' வேண்டாம். மனப்பாடம் செய்த நாலு வரிதான் வரும். "காலையில் அரிசி நூடுல்ஸ் எங்கே சாப்பிட்டாய், எவ்வளவு, எந்தக் கடை நல்லது?" என்று கேட்டேன். சண்டையே போட்டார்கள், ஆங்கிலத்தில்.

பிழைகளின் வேரைத் தெரிந்துகொள்ளுங்கள். சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒலி 'தா' தான். எழுத்து மட்டும் வேறு. அதனால் அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹி' வரும். காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது என்பதால் 'யெஸ்டர்டே ஐ கோ' வரும். இதற்குச் சிரிக்கவோ, நடுவில் நிறுத்தவோ கூடாது. குறித்துக்கொண்டு கடைசியில் சொல்லுங்கள். நான் இருந்த ஊரில் ந, ல ஒலிகள் கலந்துவிடும். 'நைட்' என்றால் 'லைட்' என்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். 'ந' அடைபடும், 'ல' வெளியே வரும். ஒரே பாடத்தில் பாதிப் பேருக்குப் பிடிபட்டது.

பெயர்களையும் படியுங்கள். குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் பெயருக்கு முன் வரும் இனிஷியல் போல. ஆங்கிலப் பெயர் வைத்துவிடச் சொல்லிப் பலர் கேட்பார்கள். கேட்டால் வையுங்கள், ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜூனில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. வசந்த காலத்திலிருந்தே அவர்களுடைய பேச்சு வகுப்பை எடுத்துவிடுவார்கள். கோபிக்காதீர்கள், அந்தத் தேர்வை நம்பி நிறைய இருக்கிறது.

மூட்டை கட்டும்போது: தெற்கில் குளிர்காலத்துக்கு மையச் சூடாக்கம் கிடையாது, வகுப்பில் கோட்டோடுதான் நிற்பீர்கள், சட்டைக்குள் போடும் தடித்த உள்ளாடை எடுங்கள். கூகுள், வாட்ஸ்அப் திறக்காது. பாடப்பொருளை முன்பே இறக்கி வையுங்கள், வீட்டாரை வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் சேர்த்துவிடுங்கள். சைவக்காரர்கள் 'வோ ச்சி சூ', அதாவது 'நான் சைவம்', என்று சொல்லப் பழகுங்கள். கீரையிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். மிளகாய்க்கு மட்டும் யாழ்ப்பாணத்து நாக்கு பயப்பட வேண்டியதில்லை.

முதல் நாளிலிருந்தே உள்ளூர் ஆங்கில ஆசிரியர் ஒருவரை வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். நான் இதை மார்ச்சில்தான் கேட்டேன். வந்தவர் இளம் ஆசிரியை. ஏப்ரலில் பாதி வகுப்பை அவரே நடத்தினார், ஜூனில் என் குறிப்பேட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதும் செப்டம்பரில் புது வகுப்பின் வரிசைகளைப் படமெடுத்து அனுப்புகிறார்: முகம் பார்த்துத் திரும்பிய 56 நாற்காலிகள்.