நிலம் வாங்குமுன் எந்தப் பதிவை யார் பார்க்கலாம்

தமிழ்நாட்டில் மனை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் காட்டும் நகல்களை மட்டும் நம்பாமல், பொதுப் பதிவுகளை நீங்களே எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பட்டாவைப் பார்க்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பெறலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்ப்பதே நல்லது. பட்டாவில் உள்ள பெயரும் கடைசிக் கிரயப் பத்திரத்தில் உள்ள பெயரும் வேறுபட்டால், காரணம் தெரியும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

ஆனால், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும், குறிப்பாக உயில்களை, சொல்லிவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயில்கள் பதியப்படும் 3ஆம் புத்தகம் அப்படியன்று; உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும், அவர் இறந்தபின்னரே மற்றவர்கள் விண்ணப்பித்துப் பெற முடியும். ஒருவர் தம் சொத்தை யாருக்கு விட்டுச்செல்கிறார் என்பது அவர் வாழ்நாளில் அவருக்கு மட்டுமே உரிய செய்தி என்பதால், இந்தக் கட்டுப்பாடு மிகச் சரியானது என்றே கருதுகிறேன். எனவே, உரிமையாளர் இறந்துபோன சொத்தானால் வாரிசுச் சான்றோடு நின்றுவிடாமல், இறப்புச் சான்றை இணைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில் பற்றியும் கேளுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால், வாரிசுகள் அனைவரிடமும் நேரில் விசாரிப்பதும் அவசியம்.