மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? செயற்பாட்டு மதிப்பீட்டுக்கு ஆயத்தமாவது எப்படி

பக்கவாதம், சலரோகத்தால் கால் எடுத்தது, பிறவியிலேயே காது கேட்காதது என்று வருத்தத்தின் பெயரை டொக்டர் எழுதித் தந்தால் போதும், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரே வருத்தம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குச் சைக்கிளில் போய் வருவார். மற்றவருக்குப் படுக்கையில் திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். வருத்தத்தின் பெயர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதைப் பதிவதற்குத்தான் செயற்பாட்டு மதிப்பீடு.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கிராம அலுவலரையும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்க்கவேண்டும். அரச வைத்தியரின் சான்றும் தேவைப்படும். ஆளுக்கொரு விதமாகக் கேட்டாலும் இவர்கள் எல்லாரும் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்த ஆளால் தன் நாளைத் தானே கொண்டுபோக முடிகிறதா? சில வெளிநாடுகளில் ஒக்கியுப்பேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. இங்கே சில வேளை மேசைக்கு முன்னால் ஒரு சின்ன உரையாடலோடு காரியம் முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சொல்லவேண்டியதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கெட்டித்தனம்.

படி 1: ஒரு கொப்பி வாங்குங்கள்

குறைந்தது ஒரு கிழமைக்கு, காலை எழும்பியதிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஞாபகத்தை நம்பவேண்டாம். வருடக்கணக்காக ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், செய்கிற உதவி பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாது. "அம்மா தானே சாப்பிடுவா" என்று மகள் சொல்வாள். மீனை முள்ளெடுத்து, சோற்றைப் பிசைந்து, கோப்பையை இடது கைப்பக்கம் நகர்த்தி வைப்பது தானேதான் என்பது அவளுக்கே ஞாபகம் வராது.

எதையெல்லாம் எழுதுவது? பக்கவாதம் வந்தவர்களை மதிப்பிட வைத்தியசாலைகளில் பாவிக்கும் பார்த்தெல் சுட்டி 1965 இல் வெளிவந்தது. பத்து விடயங்கள், மொத்தம் 100 புள்ளி: சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலை இழுப்பது, உடுப்பு மாற்றுவது, மலத்தை அடக்குவது, சலத்தை அடக்குவது, கக்கூசுக்குப் போய் வருவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. இந்தப் பத்தையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இது உடம்பை மட்டும்தான் பார்க்கும். ஆகவே சமைப்பது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, காசு எண்ணிக் கொடுப்பது, பஸ் ஏறுவது, சொல்வதை விளங்கிக்கொள்வது, தான் நினைப்பதைச் சொல்வது ஆகியவற்றையும் கீழே சேருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் கேட்ட பார்வை, கேள்வி, நடை, ஞாபகம், சுயபராமரிப்பு, தொடர்பாடல் என்ற ஆறும் இதற்குள் அநேகமாக அடங்கிவிடும். பார்வையும் கேள்வியும் பிரச்சினை என்றால் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

படி 2: ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்கவேண்டும்.

வலது பக்கம் வழங்காத ஒருவர் கிணற்றடியில் குளிப்பதை எடுங்கள். "குளிப்பாரோ?" என்று கேட்டால் "ஓம், குளிப்பார்" என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் தண்ணீர் அள்ளுவது யார்? கிணற்றடி வரை கூட்டிக்கொண்டு வருவது யார்? ஈரச் சீமெந்தில் அவர் நிற்கிறாரா, இருக்கிறாரா? சோப் போடும்போது இன்னும் கவனியுங்கள். வலது கை எழும்பாதென்றால் இடது கையையும் இடது கமக்கட்டையும் தேய்க்க அவரிடம் வேறு கை இல்லை. நல்ல கைதான் கழுவப்படாமல் போகும்! பிறகு ஈரச் சாரத்தை மாற்ற எழும்பும்போது யார் பிடிக்கிறார்கள்?

இவ்வளவையும் பார்த்தபிறகு எழுதினால் இப்படி வரும்:

"மோட்டர் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது மகள். பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திவிட்டால் இடது கையால் தானே அள்ளி ஊற்றுவார். முதுகுக்கும் இடது கைக்கும் மகள் சோப் போடவேண்டும். எழும்பும்போது பிடிக்காவிட்டால் விழுவார். மாசி மாதம் விழுந்து நெற்றி வெடித்தது. முக்கால் மணித்தியாலம் எடுக்கும்."

"குளிக்க உதவி தேவை" என்ற ஒரு வரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கிற உத்தியோகத்தருக்கு எது விளங்கும்? அவரால் முடிந்ததையும் மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தானே ஊற்றுவார் என்று எழுதியதால்தான் மிச்சமும் நம்பும்படி இருக்கிறது.

ஒவ்வொரு வேலைக்கும் தனியாகச் செய்கிறார், பொல்லோ பிடியோ இருந்தால் செய்கிறார், ஆள் பிடித்தால் செய்கிறார், அடியோடு முடியாது என்ற நான்கில் ஒன்றையும் பக்கத்தில் குறியுங்கள்.

படி 3: நான்கு கேள்விகள்

பிரித்தானியாவில் பிப் என்றொரு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இருக்கிறது. ஒருவரால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்வதற்கு அங்கே நான்கு நிபந்தனை: ஆபத்தில்லாமல் செய்யவேண்டும், உருப்படியாகச் செய்யவேண்டும், தேவைப்பட்ட நேரமெல்லாம் திரும்பத் திரும்பச் செய்யமுடியவேண்டும், நியாயமான நேரத்துக்குள் முடிக்கவேண்டும். எங்கள் படிவத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் கொப்பி எழுதும்போது கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கேள்விகள் இல்லை என்பது என் எண்ணம்.

சந்திக் கடைக்கு நடந்து போய் வருவார், ஆனால் வந்தால் பின்னேரம் வரை படுக்கை என்றால் அதை அப்படியே எழுதவேண்டும். தேத்தண்ணி போடுவா, ஆனால் அடுப்பை நிற்பாட்ட மறந்துவிடுவா என்றால் அதையும்தான். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிற வருத்தமென்றால், கிழமையில் எத்தனை நாள் எப்படி என்று எண்ணி எழுதுங்கள். கெட்ட நாளை மட்டும் காட்டுவதும் சரியில்லை, நல்ல நாளை மட்டும் காட்டுவதும் சரியில்லை.

மனநோய் உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஒரு விசயம் தவறிப்போகும். கையும் காலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "குளி", "இந்தா பிறஸ்", "உடுப்பை மாற்று" என்று பக்கத்தில் நின்று சொன்னால்தான் வேலை நடக்கும். அப்படிச் சொல்லிச் செய்விப்பதும் உதவிதான், கணக்கில் வரவேண்டும். பிள்ளைகளென்றால் அதே வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தீத்துவது சாதாரணம், பதினொரு வயதில் அப்படியில்லை.

படி 4: கடதாசிகள்

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே அல்லது ஸ்கான் அறிக்கை, பிசியோ எழுதித் தந்தது ஏதும் இருந்தால் அது. எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி. மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சான்று எழுதுகிற வைத்தியரிடம் கொப்பியின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் கொடுங்கள். நெரிசலான கிளினிக்கில் அவர் உங்கள் வீட்டுக் கிணற்றடியைப் பற்றி விசாரிக்க நேரம் இராது. ஒரு பக்கமென்றால் பார்ப்பார்.

படி 5: மதிப்பீட்டு நாள்

யாழ்ப்பாணத்தில் இதுதான் பெரிய கண்டம். உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் முற்றம் கூட்டி, அம்மாவுக்கு நல்ல சீலை உடுத்தி, தலை இழுத்து, கதிரையில் நிமிர்த்தி வைத்துவிடுவோம். கொம்மோட் கதிரை அறைக்குள் ஒளிந்துவிடும். பிறகு பேச்சு இப்படிப் போகும்:

"எப்பிடி அம்மா இருக்கிறியள்?"

"எனக்கென்ன குறை மோனை, கடவுளே எண்டு நல்லா இருக்கிறன்."

அவர் குறித்துக்கொண்டு போய்விடுவார். மானம், மரியாதை எல்லாம் சரி. அன்றைக்கு மட்டும் வீடு எப்போதும் இருப்பதுபோல் இருக்கட்டும். கட்டிலில் கட்டிய கயிறு, வாசற்படியில் போட்ட பலகை, படுக்கைக்குக் கீழே விரித்த றபர் சீற் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். அவைதான் சாட்சி.

முதலில் பதில் சொல்லவேண்டியவர் விண்ணப்பதாரர்தான். பிள்ளைகள் குறுக்கே விழவேண்டாம். அவர் சொல்லி முடித்தபிறகு "அம்மா, காலமை கட்டிலால எழும்பிறதைப் பற்றியும் சொல்லுங்கோவன்" என்று எடுத்துக்கொடுக்கலாம். கக்கூசு விசயம் மகனுக்கு முன்னால் வாயில் வராதென்றால் மகன் கொஞ்சம் வெளியே போய் நிற்கட்டும். செய்து காட்டச் சொன்னால், வழமைபோல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வந்தவருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கவும் வேண்டாம், கூட்டி நடிக்கவும் வேண்டாம்.

படி 6: கையெழுத்துக்கு முன்பும் பின்பும்

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "நடப்பார்" என்று மட்டும் இருந்தால் "பொல்லோடும் ஆளோடும் வீட்டுக்குள் நடப்பார்" என்று திருத்தச் சொல்லுங்கள். கொடுத்த திகதி, வாங்கியவரின் பதவி, கோவை இலக்கம் மூன்றையும் கொப்பியில் குறியுங்கள். விண்ணப்பத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் "நிதி இல்லை", "பிறகு பாப்பம்" என்று பதில் வந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மதிப்பீட்டில் என்ன எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் விளக்கம் போதவில்லை என்று பார்த்து மறுபடி கேட்கலாம்.

கொப்பியை எறியாதீர்கள். சக்கர நாற்காலிக்கோ கக்கூசைத் திருத்தும் உதவிக்கோ சமூக சேவையில் கேட்கும்போதும், செயற்கைக் காலுக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகும்போதும் இதே கேள்விகள்தான் வரும். வருத்தம் கூடினாலோ, பார்த்துக்கொண்டிருந்த மகள் கலியாணம் செய்து வேறு ஊருக்குப் போனாலோ அன்றைய திகதியைப் போட்டுப் புதுப் பக்கத்தில் எழுதுங்கள்.