புகையிலை வரி விவாதம்: மேடை ஏறுமுன் போடவேண்டிய கணக்கு

வரியை ஏற்ற வேண்டும் என்று பேசினாலும் கூடாது என்று பேசினாலும், முதலில் காகிதமும் பேனாவும் எடுங்கள். பலர் சறுக்குவது வரி விகிதத்தையும் விலையில் வரியின் பங்கையும் ஒன்றாக நினைத்துத்தான். 100 ரூபாய்ச் சரக்குக்கு 28% ஜிஎஸ்டி போட்டால் விலை 128. அதில் வரியின் பங்கு சுமார் 22% மட்டுமே. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு இந்த 28 சதவீதத்தின் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் விதித்தார்கள், பீடிக்கு விதிக்கவில்லை. உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதோ சில்லறை விலையில் வரியின் பங்கு குறைந்தது 75%.

அடுத்து வருவாய். பாக்கெட் 100 ரூபாய், அதில் வரி 50 என்று வையுங்கள். வரியை 60 ஆக்கினால் விலை 110, அதாவது 10% கூடுதல். இந்தியா போன்ற நாடுகளில் 10% விலையேற்றத்துக்கு நுகர்வு 5% அளவில் குறையும் என்பது வழக்கமான மதிப்பீடு. 100 பாக்கெட் போன இடத்தில் 95 போகும். வரி வசூல் 5,000இலிருந்து 5,700 ஆகும். எனவே, எதிர்த்துப் பேசுபவர் 'கஜானா காலியாகும்' என்ற வாதத்தைத் தொடாதிருப்பதே நல்லது. கடத்தல் பெருகும் என்பதும் அரைபலமான வாதம்தான்: சோதனையும் தண்டனையும் தளர்ந்த இடத்தில் வரி குறைவாக இருந்தாலும் கடத்தல் நடக்கும்.

எதிர்ப்புக்கு உண்மையான பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மாற்றுச் சரக்கு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4%, பீடி 7.7%, மெல்லுவது போன்ற புகையில்லா வகை 21.4%. சிகரெட்டுக்கு மட்டும் ஏற்றினால் ஆள் பீடிக்கு இறங்குவார், பழக்கத்தை விடமாட்டார். ஆதரிப்பவர் எல்லா வகைக்கும் சேர்த்தே வரி கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டதும் இரண்டாவது வாதம் எழும்: திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் கூலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களுக்கு விற்பனை குறைந்தால் அந்த வாரமே வருமானம் குறையும். 'மாற்று வேலை தரலாம்' என்று சொல்லி நகர்ந்தால் எதிரணி விடாது. கூடுதல் வசூலில் எத்தனை சதவீதம் இந்தப் பெண்களுக்கு, எந்த வாரியம் வழியாக, எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லுங்கள்.

ஏழை மீது சுமை என்பதற்குப் பதில், விலை ஏறினால் முதலில் புகைப்பதைக் குறைப்பவரும் ஏழைதான் என்பது. ஆனால், விடாமல் புகைப்பவரின் சுமை கூடவே செய்யும். அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள்.

பழைய விகிதத்தோடு மேடை ஏறாதீர்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40%, பீடிக்கு 18% என முடிவெடுத்தது. 18% ஆனால் பீடி விலையில் ஜிஎஸ்டியின் பங்கு 118இல் 18, சுமார் 15%தான்.