தீட்டாவையும் ரிப்பிளையும் வைத்து சிஏ1 நியூரான்களை வகை பிரிப்பது எப்படி?

மூளையின் நினைவு மையமான ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியில் பதிவான செல்களை ஸ்பைக்கின் (நியூரானின் மின்துடிப்பு) வடிவத்தையும் ஃபயர் ஆகும் விதத்தையும் மட்டும் பார்த்தால் இரண்டாகத்தான் பிரிக்க முடியும். அகலமான ஸ்பைக், குறைந்த ஃபயரிங் வேகம், கொத்துக் கொத்தாக ஃபயர் ஆவது என்றால் பெரும்பாலும் பிரமிடு செல் (மற்ற செல்களைத் தூண்டும் முதன்மை நியூரான்). ஸ்பைக்கின் பள்ளத்திலிருந்து முகடு வரை சுமார் 0.4 மில்லிநொடிக்குள் முடிந்துவிட்டால் இன்டர்நியூரானாக (மற்ற செல்களை அடக்கும் நியூரான்) இருக்கலாம். அது எந்த ரக இன்டர்நியூரான் என்பதை இரண்டு தாளங்கள்தான் காட்டிக்கொடுக்கும்: விலங்கு ஓடும்போது வரும் மெதுவான தீட்டா அலை, ஓய்விலும் உறக்கத்திலும் சட்டென வந்துபோகும் வேகமான ரிப்பிள் அலை.

ஸ்பைக் சார்ட்டிங் (எந்த ஸ்பைக் எந்தச் செல்லுடையது என்று பிரிப்பது) முடிந்திருக்கிறது, எல்எஃப்பி (செல்களைச் சுற்றியுள்ள மின்னழுத்தப் பதிவு) நொடிக்கு 1250 மாதிரிகளாக, அதாவது 1250 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ரிப்பிள் மிக வலுவாகத் தெரியும் சேனலைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் பிரமிடு அடுக்கு. எல்லாச் செல்லுக்கும் தீட்டா கட்டத்தை (ஸ்பைக் அலையின் எந்த இடத்தில் விழுகிறது என்பதை டிகிரியில் சொல்வது) இந்த ஒரே சேனலில் அளக்க வேண்டும்.

2. 5–12 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் ஃபில்டர் போடுங்கள். சைபையில் (பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகம்) முன்னும் பின்னும் ஓடும் வகையை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒரே திசையில் ஓடும் ஃபில்டர் கட்டத்தையே நகர்த்திவிடும். பிறகு ஹில்பர்ட் உருமாற்றம்; அலையின் கட்டத்தையும் உறையையும் (அலையின் வீச்சு) ஒவ்வொரு கணத்துக்கும் தருவது இதுதான்.

3. பலரும் சறுக்குவது இங்கேதான்: பூஜ்ஜியம் எங்கே? ஹில்பர்ட் தரும் கட்டத்தில் முகடு 0°. இன்டர்நியூரான் ஆய்வுகள் பலவற்றில் பள்ளம் 0°, முகடு 180°. 180° கூட்ட மறந்தால் ஒவ்வொரு செல்லும் எதிர்ப்பக்கம் போய் உட்காரும். பிரமிடு அடுக்கிலிருந்து கீழே லக்குனோசம்-மாலிகுலேர் அடுக்குக்குப் போனாலும் தீட்டா ஏறக்குறைய தலைகீழாகிவிடும். சில பதிவுக் கருவிகள் மின்னழுத்தத்தின் குறியை மாற்றிச் சேமிப்பதும் உண்டு. எனவே பிரமிடு செல்களையே அளவுகோலாக வையுங்கள்: விலங்கு ஓடும்போது அவற்றின் சராசரி பள்ளத்தை ஒட்டி வர வேண்டும். முகட்டில் வந்தால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது. ரெம் உறக்கத்தை (கனவு வரும் உறக்கம்) இதில் கலக்காதீர்கள். அப்போது சில பிரமிடு செல்கள் உண்மையாகவே முகட்டுக்கு நகரும்.

4. ரிப்பிளுக்கு 130–200 ஹெர்ட்ஸ். உறையின் உச்சம் சராசரிக்கு மேல் 3 திட்டவிலக்கம், ஓரங்கள் 1 திட்டவிலக்கம், குறைந்தது 20 மில்லிநொடி. ஸ்பைக்கின் ஆற்றல் இந்த அலைவரிசைக்குள் கசியும். அதனால் ரிப்பிளைப் பக்கத்து ஷாங்கில் (மின்முனைக் கருவியின் வேறொரு ஊசிக்கிளை) கண்டுபிடிப்பதே நல்லது. தசை அசைவும் ரிப்பிள் போல வேடமிடும். ஐம்பது நிகழ்வுகளையாவது கண்ணால் பாருங்கள்.

5. இனி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மயக்க மருந்து தந்த எலிகளில் நான்கு இன்டர்நியூரான் ரகங்களுக்குக் கிடைத்த சராசரிகள் இவை (பள்ளம் 0°, முகடு 180°). பிவி பாஸ்கெட் செல்: சுமார் 271°, அதாவது இறங்குமுகம், ரிப்பிளில் மும்முரம். ஆக்ஸோ-ஆக்ஸானிக்: 185°, முகட்டை ஒட்டி, ரிப்பிள் தொடங்கும்போது ஃபயர் ஆகிவிட்டுப் பிறகு அடங்கும். பைஸ்ட்ராட்டிஃபைட்: 1°, ரிப்பிளில் வலுவாக. ஓ-எல்எம்: 19°, ரிப்பிளில் மௌனம். கடைசி இரண்டும் ஒரே பள்ளத்தில் இருப்பதைக் கவனியுங்கள். தீட்டாவால் மட்டும் பிரிக்க முடியாதவற்றை ரிப்பிள்தான் பிரிக்கிறது.

பிற்சேர்க்கை: விழித்திருக்கும் சுண்டெலியில் ஓ-எல்எம் செல்கள் ரிப்பிளிலும் ஃபயர் ஆகலாம். அந்தத் தரவில் ரிப்பிள் மௌனத்தை மட்டும் நம்பி முத்திரை குத்தாதீர்கள். மரபணுக் குறியீட்டால் அந்த ரகச் செல்களை மட்டும் ஒளிக்கு வினைபுரியச் செய்து ஒளித்தூண்டல் செய்தால்தான் உறுதி.

இன்னொன்று, ஸ்பைக்குகள் ஒரு கட்டத்தில் குவிகின்றனவா என்று பார்க்கும் ரேலே சோதனையின் பி-மதிப்பை நம்பிச் செல்களை வரிசைப்படுத்த வேண்டாம். ஐம்பதாயிரம் ஸ்பைக் இருந்தால் அற்பச் சாய்வும் 'குறிப்பிடத்தக்கது' ஆகிவிடும். ஸ்பைக் எண்ணிக்கையால் சாயாத பேர்வைஸ் ஃபேஸ் கன்சிஸ்டென்சியை (ஸ்பைக்குகளின் கட்டங்கள் இரண்டிரண்டாக எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள். ஐம்பதுக்கும் குறைவான தீட்டா ஸ்பைக் உள்ள செல்லை வகைப்படுத்தாமல் விடுங்கள்.