பீவரை இடம் மாற்றும் முன்: ஓடையை மீட்க முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீவரை நம்மில் பலர் நீர்நாய் என்றே எண்ணிவிடுகிறோம். மீன் தின்னும் நீர்நாய் வேறு. மரப்பட்டையும் தளிரும் தின்று, மரங்களைக் கடித்துச் சாய்த்து, ஓடையின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கும் கொறிவிலங்குதான் பீவர். வட அமெரிக்காவில் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அது அற்றுப்போன இடங்களில் அணைகள் சிதைந்தன. பல ஓடைகள் தம் படுகையையே அரித்து ஆழமான பள்ளங்களாயின. கரையோர ஈர நிலங்கள் காய்ந்தன. அதனால்தான் பீவரைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் இன்று பெருகியுள்ளன. நோக்கம் மிக நல்லது. ஆனால் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, வயலில் நீர் தேங்குகிறது, மரம் சாய்கிறது என்று பீவரால் தொல்லை வந்ததும் இடமாற்றத்தை நாடுவது. நீரும் உணவும் உள்ள இடத்திலிருந்து ஒரு குடும்பத்தை அகற்றினால், ஏறத்தாழ இரண்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து புது இடம் தேடும் இளம் பீவர்கள் அங்கே வந்து குடியேறிவிடும். அணையை உடைப்பதும் வீண்தான். ஓடும் நீரின் ஓசையே பீவரைக் கட்டத் தூண்டுகிறது என்பதை ஒலிபெருக்கி வைத்துச் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. உடைத்த இடம் ஓரிரு இரவுகளில் சேறும் குச்சியுமாக அடைபட்டுவிடும். மாறாக, அணையின் ஊடே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் மேல்முனையை அணைக்கு எட்டத்தில், ஆழமான நீரில், கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தால், நீர் எங்கே வெளியேறுகிறது என்பது பீவருக்குப் புலப்படாமலே குளத்தின் மட்டம் தாழ்ந்து நிற்கும். கூண்டை ஆழமற்ற நீரில் வைப்பதும், பீவர் குடியிருக்கும் வளையின் நீருக்கடி வாசல் வெளியே தெரியும் அளவுக்கு மட்டத்தைக் குறைப்பதும், குப்பை அடைத்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்காமல் விடுவதும் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். மரங்களுக்குக் கம்பிவலை கட்டுவோர் தண்டு பருக்க இடைவெளி விட வேண்டும். பனி பொழியும் ஊர்களில் குவிந்த பனியின்மேல் நின்றும் பீவர் கடிக்கும் என்பதால் வலையின் உயரத்தைக் கூட்டவும் வேண்டும்.

வேறு வழியே இல்லை என்ற நிலையில் இடம் மாற்றும்போது, தனி விலங்கைப் பிடித்து விடுவதுதான் மிகக் கொடிய தவறு என்பேன். பீவர் குடும்பமாக வாழ்வது: ஒரு சோடி, அந்த ஆண்டுக் குட்டிகள், முந்தைய ஆண்டுக் குட்டிகள். தனித்து விடப்பட்டது துணை தேடி ஓடையில் மேலும் கீழும் அலைந்து, ஒளிய ஆழமான நீரின்றி, வேட்டை விலங்குகளுக்கு இரையாகக்கூடும். சோடி சேர்ப்பதும் எளிதன்று. வெளித்தோற்றத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருப்பதால், குதச் சுரப்பி நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே பிரித்தறிய வேண்டியுள்ளது. வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தோ பள்ளத்தாக்கில் 2008 முதல் நடந்துவரும் திட்டத்தில், பிடித்தவற்றைச் சிறிது காலம் மீன் பண்ணையின் தொட்டிகளில் வைத்து, குடும்பமாகவோ சோடியாகவோ விடுகிறார்கள். பருவமும் முக்கியம்: கோடையின் தொடக்கத்தில் பிடித்தால் பச்சிளம் குட்டிகள் தாயை இழக்கும், இலையுதிர்காலம் முற்றிய பின் விட்டால் நீர் உறையும் முன் வளை அமைக்கவும் உணவு சேர்க்கவும் நாள் போதாது.

இடத்தைப் பாராமல் விலங்கை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. செங்குத்தாக இறங்கும் ஓடையிலும், வில்லோ, ஆஸ்பென் போன்ற மரங்களைக் கால்நடைகள் மேய்ந்து தீர்த்த கரையிலும் பீவர் தங்காது. ஆழமாக அரிக்கப்பட்ட ஓடையில் வெள்ளம் பரவ இடமின்றிப் பாய்வதால், கட்டிய அணைகள் அடித்துச் செல்லப்படும். இதற்குத் தீர்வாக, ஒரிகான் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் மரக்கம்பங்களை அறைந்து, இடையே கிளைகளைப் பின்னிச் செயற்கை அணைகளை அமைத்தார்கள். அங்கு வாழ்ந்த பீவர்கள் பலவற்றைத் தமதாக்கிக்கொண்டன. இளம் ஸ்டீல்ஹெட் மீன்களின் அடர்த்தியும் பிழைப்பு விகிதமும் உயர்ந்ததை 2016இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

இயல்பான வாழிடத்துக்கு வெளியே விடவே கூடாது. 1946இல் அர்ஜென்டினாவின் தியரா டெல் ஃபுவேகோவுக்குக் கொண்டுவரப்பட்டவை பெருகி, நீர் தேங்குவதையும் கடியையும் தாங்காத அங்குள்ள காடுகளை அழித்தன. உரிமமின்றியும் அண்டை நிலத்தாரைக் கேளாமலும் விடுவதன் விளைவு ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் படுகையில் தெரிந்தது. அனுமதியின்றிப் பரவிய பீவர்களால் அங்கே வயல்களில் நீர் தேங்கியது. சட்டப் பாதுகாப்பு வந்த 2019ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் 87 பீவர்கள் உரிமத்தின்பேரில் கொல்லப்பட்டன.

விட்ட நாளோடு கணக்கை முடிப்பதும் தவறே. முதல் சில வாரங்களிலேயே பல பீவர்கள் கிளம்பிவிடும். அணையில் புதுச் சேறு இருக்கிறதா, பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகளில் இணையான பற்சுவடுகள் தெரிகின்றனவா என்று நடந்து பார்க்க வேண்டும். இலையுதிர்காலத்தின் இறுதியில், வளைக்கு அருகே நீரில் அமிழ்த்திச் சேர்த்த கிளைக்குவியலின் நுனிகள் மேலே தெரிந்தால், அந்தக் குடும்பம் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கப்போகிறது என்று கொள்ளலாம்.