மலை இறங்கும்போது பிரேக் ஏன் கருகுகிறது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியார் வரும். பழக்கடை, டீக்கடை, கடைக்குக் கடை தாவும் குரங்குகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பத்து நிமிஷம் நின்றால் போதும், ஒயர் தீய்ந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறும். வந்து நிற்கிற கார்களின் முன்சக்கரத்திலிருந்து வருவது அது.

ஒருமுறை அந்த நெடியைக் கிளப்பிக்கொண்டு போய் நின்றது எங்கள் வண்டி. ஓட்டியது மச்சான். "கிளட்ச் போச்சு மாப்ள" என்றார். மலை நெடுக கிளட்சை அவர் தொடவேயில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நியூட்ரல்ல வந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். மச்சான் பதில் சொல்லவில்லை. நான் சிரித்தேன். அடுத்த வருஷம் அதே தப்பை நானும் செய்தேன் என்பது வேறு கதை.

பிரேக்குக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றும். சமதளத்தில் நாம் எப்போதோ ஒருமுறை மிதிக்கிறோம், சூடு காற்றோடு போய்விடுகிறது. மலையில் கணக்கே வேறு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 326 மீட்டர். நாலு பேரும் பெட்டி படுக்கையுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. குழாய்த் தண்ணீரைக் கிட்டத்தட்ட 70 லிட்டர், அதாவது நாலைந்து குடம், கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யார் தலையில் கட்டுவது? முன்சக்கரத்துக்குள் இருக்கும் சில கிலோ இரும்புத் தட்டின் தலையிலா, தண்ணீரும் ரேடியேட்டரும் விசிறியும் வைத்துக்கொண்டு சூட்டோடு குடித்தனம் நடத்தவே செய்யப்பட்ட எஞ்சின் தலையிலா? மலை இறங்கும்போது நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்வதால் வருபவைதான்.

அதே மலையில் பக்கத்திலேயே ரயிலும் இறங்குகிறது. 1899-ல் குன்னூர் வரை போட்ட பாதை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அதனால் பெரிய ரயில் பாதைகளில் சரிவு மிகவும் சாதுவாக இருக்கும். செங்குத்து என்று பெயரெடுத்த மும்பை - புனே தடத்தின் போர் காட் பகுதியில்கூட 37 அடிக்கு ஓர் அடிதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12.5 அடிக்கு ஓர் அடி! ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே போகும்படி செய்தார்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. அந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். இத்தனை ஏற்பாட்டோடு ரயில் இறங்குகிற மலையில், நாம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பை அறுத்து நியூட்ரலில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு இறங்குகிறோம்.

நியூட்ரலும் பெட்ரோல் மிச்சமும்

"இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம்." அப்பா காலத்தில் கார்புரேட்டர் வண்டிகளில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்படியே தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினைச் சுற்ற வைக்கும் வேலையைச் சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன என்று வண்டியின் கணினிக்குத் தெரியும். இன்ஜெக்டரை அடைத்துவிடும், ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. நியூட்ரலில் போட்டீர்களோ, எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க அது பெட்ரோலைக் குடித்தே ஆக வேண்டும். மைலேஜ் காட்டும் திரை உள்ள கார் என்றால் இறக்கத்தில் கியரோடு இறங்கிப் பாருங்கள், அந்தக் கணக்கு உச்சத்தில் போய் நிற்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன.

சரி, கியரில் இருந்தால் எஞ்சின் எப்படி வண்டியைப் பிடிக்கிறது? காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போகும் வழி கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள், எப்படித் திணறும்? ஒவ்வொரு பிஸ்டனும் அப்படித்தான் திணறிக்கொண்டு இறங்கும். அந்தத் திணறல்தான் உங்கள் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. டீசலில் காற்றை அந்த அளவு அடைப்பதில்லை என்பதால் இந்தப் பிடி கொஞ்சம் மெலிது. அதற்காகத்தான் லாரிகளிலும் பஸ்களிலும் புகை போகும் குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

எந்த கியர் என்று கேட்டால் பழைய டிரைவர்கள் சொல்வதுதான் கணக்கு: ஏறிய கியரிலேயே இறங்கு. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான இடம் என்றால் இரண்டு, சில இடங்களில் ஒன்று. எஞ்சின் 'ங்ஙொய்' என்று கத்தும். நிமிஷத்துக்கு 3,000, 4,000 சுற்று ஓடுவதால் அதற்கு எதுவும் ஆகிவிடாது, சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்குப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு நாலிலிருந்து நேராக ஒன்றுக்குத் தள்ளினால் சக்கரம் வழுக்கும், எஞ்சினும் அடிவாங்கும்.

எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிற மகான்களும் உண்டு. காரின் பிரேக் பெடல் லேசாக இருப்பதற்குக் காரணம் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் உதவி. அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும், அதற்கப்புறம் பெடல் கல். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியை உருவினால் பூட்டியே கொள்ளும். வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெடல் உள்ளே போகும் கதை

காலை பிரேக்கிலேயே லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டு வருவது அடுத்த பழக்கம். ஜாக்கிரதை மாதிரி தெரியும். ஆனால் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடுக்கும் தட்டுக்கும் மூச்சுவிட ஒரு விநாடி கிடைக்காது. எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கட்டும். அதையும் மீறி வேகம் ஏறினால் அழுத்தமாக மிதித்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் தட்டு ஆறும்.

சூடு எல்லை மீறினால் பிரேக் இரண்டு விதமாகக் கை விரிக்கும். பேடு சூடேறிப் பிடிப்பை இழப்பது ஒன்று: பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொன்று, பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதிப்பது. இதுதான் எனக்கு அதிகப் பயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே கணக்கு 155 டிகிரி. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்கவே சரியாகப் போகும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்குத்தான். "ஆயில் இருக்கே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்கும் மெக்கானிக்கிடம் நானே வாதாடியிருக்கிறேன். அளவு குறைந்திருக்காது, தரம்தான் குறைந்திருக்கும்.

பெடல் உள்ளே போனால் பதறாமல் மறுபடி மறுபடி மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இல்லாமல் படிப்படியாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்குங்கள்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் 'டி'யில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காலை எடுத்தால் பல வண்டிகள் அதுவாக மேல் கியருக்குப் போய்விடும், பிடியும் போய்விடும். 'எல்', 'எஸ்', 'எம்' என்று ஏதாவது ஓர் எழுத்து அந்தக் கியர் தடியில் இருக்கும், அது இந்த இடத்துக்காகத்தான். ஸ்கூட்டரில் அந்த எழுத்தும் கிடையாது. வேகம் நன்றாகக் குறைந்தால் அதன் கிளட்ச் தானாகவே கழன்றுகொள்ளும், எஞ்சின் பிடி சுத்தமாக இருக்காது. ஊட்டியில் வாடகை ஸ்கூட்டர் எடுத்து இரண்டு பேராகச் செங்குத்தான இறக்கத்தில் இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மின்சாரக் கார் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகிப் பிடிக்கும், பாட்டரியும் ஏறும். அருமையான ஏற்பாடு. ஆனால் மலை உச்சி விடுதியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் கிளம்பினால், வருகிற மின்சாரத்தைக் கொட்ட இடமில்லை. அந்தப் பிடி குறைந்துவிடும், பாரம் முழுக்க சாதாரண பிரேக்கின் மேல். இறங்கப் போகிற நாளில் 80, 85-ல் நிறுத்துங்கள், வழியில் ஏறிக்கொள்ளும்.

நெடி வந்தால் நிறுத்த வேண்டும், சரி. எப்படி நிறுத்துவது என்பதிலும் தப்பு நடக்கிறது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறுவது போலத்தான், இரும்பு ஒரு பக்கம் மட்டும் சுருங்கித் தட்டு கோணலாகும், சில சமயம் விரிசலும் விடும். பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம், சூடான பேடு தட்டில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டுவிட்டு ஒரு டீ குடியுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். பர்லியாரில் அன்று நாங்கள் வைத்த கல்லை மச்சான் அப்படியே விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் இறங்கி வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்து, காலால் அதை மண்ணுக்குத் தள்ளினார். அவர் பின்னாலேயே ஒரு பைக் இறங்கி வந்துகொண்டிருந்தது.