கல்லடிக் கரையில் மலையாளப் பாணிச் சண்டைக் காட்சி: போனில் எடுப்பது எப்படி

கொச்சியில் சூரியன் கடலில் விழும், மட்டக்களப்புக் கல்லடியில் கடலிலிருந்து எழும். மலையாள அக்‌ஷன் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதே மாதிரி எடுக்கக் கிளம்புபவர்கள் முதலில் சறுக்குவது இதில்தான். மாலையில் கல்லடிக் கடற்கரையில் நின்று கமராவைக் கடலை நோக்கி வைத்தால், வெயில் நாயகனின் முகத்தில் தட்டையாக அடிக்கும், பின்னால் கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கறுத்த உருவமும் அதன் பின்னால் எரிகிற வானமும் வேண்டுமென்றால் விடிய 5.45க்குக் கரையில் நிற்க வேண்டும். மாலைதான் வசதி என்றால் கடலை விட்டுவிட்டு வாவிப் பக்கம் வாருங்கள். நகரை நோக்கிக் கமராவை வைத்தால் சூரியன் தண்ணீருக்கு மேலே இறங்கும். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் ஓரத்தில் கறுப்பாக வந்து விழும். இந்த வெளிச்சம் இருபது நிமிடம் நின்றால் அதிகம். ஒத்திகையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, அந்தப் படங்களில் ‘ஸ்டைல்’ எங்கே இருக்கிறது என்பது. அமல் நீரத் 2007இல் இயக்கிய ‘பிக் பி’யைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒளிப்பதிவாளர் சமீர் தாஹிரின் கமரா அடியைவிட அடிக்கு முந்திய நடையில், நிற்பதில், திரும்பிப் பார்ப்பதில்தான் அதிக நேரம் தங்குகிறது. நம் பொடியன்கள் எடுக்கும் குறும்படங்களில் இது தலைகீழ். முதல் நொடியிலேயே கைகலப்புத் தொடங்கிவிடும், யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது.

40 நொடிக் காட்சி என்றால் முதல் 15 நொடிக்கு ஒருவரும் கை ஓங்கக் கூடாது. தூரத்தில் ஆள் வருவது, செருப்புக் கால், எதிராளியின் கண், சாரத்தை மடித்துச் சண்டிக்கட்டுக் கட்டும் கை என்று நாலு ஷொட் போதும். சண்டிக்கட்டை முழங்கால் உயரத்தில் போனை வைத்து எடுங்கள். உள்ளே கறுப்பு அரைக்காற்சட்டையும் இடுப்பில் இறுக்கிய பெல்ட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் மூன்றாவது உதையில் சாரம் அவிழும், பிறகு அன்றைக்கு யாராலும் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியாது.

வசனம் ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். எதிராளி “எங்க மனே போறாய்?” என்று கேட்கட்டும். நாயகன் “மறுகா?” (பிறகு?) என்று மட்டும் திருப்பிக் கேட்டால் போதும். சென்னைப் பட வசனத்தை இரவல் வாங்குவதைவிட நம் ஊர்ச் சொல் நன்றாகவே மிரட்டும்.

இனி போன். தானியங்கி முறையில் விடாதீர்கள். வேகம் (நொடிக்கு எத்தனை பிரேம்), ஷட்டர் (ஒரு பிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) மூன்றையும் கையால் வைக்கக்கூடிய செயலி ஒன்று வேண்டும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. காரணம் இருக்கிறது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். போனில் வழமையாக இருக்கும் 30 பிரேம், 1/60இல் எடுத்தால் படத்தில் கோடு கோடாக இருட்டுப் பட்டை ஓடும். அதை எடிட்டிங்கில் எடுப்பது பெரும் பாடு. பகல் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும், எனவே வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் என்டி கண்ணாடி வேண்டும். அது இல்லையென்றால் நிழலில் எடுங்கள். ஷட்டரை 1/1000க்குக் கூட்டினால் அடி ஒவ்வொன்றும் வெட்டி வெட்டித் தெரியும். இரவில் ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டினால் பெரும்பாலான போன்களில் இருட்டு முழுக்கப் புள்ளி பொரியும். வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஐஎஸ்ஓவைக் கூட்டாதீர்கள். போகஸையும் நிற அளவையும் (வைட் பேலன்ஸ்) பூட்டி வையுங்கள்.

ஸ்லோ மோஷனுக்கு 120 பிரேம். 25இல் ஓடவிட்டால் ஒரு நொடி 4.8 நொடியாக நீளும். டியூப் லைட்டுக்குக் கீழே இதை எடுக்கவே வேண்டாம், 120 பிரேமும் 100 மினுக்கும் ஒத்துவராது. பகலில் எடுங்கள், அல்லது ஹலோஜன் பல்பு போட்ட மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை ஆளுக்குப் பின்னாலிருந்து அடியுங்கள். முழுச் சண்டையையும் மெதுவாக்குவது பெரிய பிழை. நடைக்கு ஒன்று, கடைசி விழுகைக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அடி விழுவதுபோல் காட்டுவதற்குக் கைத்திறனைவிடக் கோணம் முக்கியம். முஷ்டி முகத்துக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே போக வேண்டும். கமரா அடிப்பவரின் தோளுக்குப் பின்னால், அல்லது அடி வாங்குபவரின் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது கமரா, முஷ்டி, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வரும், இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் அந்த ஒரு சாணும் அப்படியே திரையில் நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்று 2x லென்ஸில் எடுத்தால் தூரம் இன்னும் ஒடுங்கும். காட்சியை விற்பது அடி வாங்குபவர்தான். முஷ்டி கடக்கும் அதே கணத்தில், அது போகும் திசைக்கே தலையை வெட்டித் திருப்ப வேண்டும். அரை நொடி பிந்தினால் நாடகம். முதலில் மெதுவாகப் பத்துத் தடவை எண்ணிச் செய்து, பிறகு முக்கால் வேகத்துக்கு வாருங்கள். முழு வேகம் வேண்டாம், அங்கேதான் மூக்கு உடையும்.

ஒரே ஷொட்டில் சண்டையை முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2017இல் வந்த ‘அங்கமாலி டயரீஸ்’ கடைசிக் காட்சி 11 நிமிடம் வெட்டில்லாமல் ஓடுகிறது, அதற்கு ஒரு படையே வேண்டும். நீங்கள் 2 நொடி ஷொட்டுகளாக எடுங்கள். வெட்டும்போது முஷ்டி பாதி வழியில் இருக்கும் பிரேமில் வெட்டி, அடுத்த ஷொட்டின் தொடக்கத்தில் 2 பிரேமைக் கழித்துவிடுங்கள். அடி கனமாகிவிடும்.

இரவுக் காட்சிக்கு ஈரத் தரை அழகு. ஆனால் எங்கள் மணல் ஒழுங்கையில் எத்தனை வாளி ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். கொங்கிரீட் ஒழுங்கையைத் தேடுங்கள். எடுப்பதற்குச் சற்று முன் ஊற்றி, ஒவ்வொரு ஷொட்டுக்கும் இடையில் மறுபடி தெளியுங்கள். விளக்கு ஆளுக்குப் பின்னால் இருந்தால்தான் ஈரம் மின்னும், முன்னால் வைத்தால் சேறுதான் தெரியும். அம்பாறைப் பக்கம் அரிசி மில் கிடைத்தால் உமி இன்னும் நல்லது. பின்விளக்கில் இரண்டு கைப்பிடி உமியைத் தூவினால் காற்றே பொன்னாகும். கண்ணிலும் தொண்டையிலும் போகும், ஆகவே நடிகருக்குப் பின்னால் தூவுங்கள், தூவுபவர் முகக்கவசம் போடட்டும். உமித் தூசி இருக்கும் இடத்தில் தீப்பந்தம், பட்டாசு எதுவும் ஆகாது.

இரத்தத்துக்கு 2 கப் சீனி, 1 கப் தண்ணீர், பாகு சற்றே தடிக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டு, சிவப்பு உணவு நிறம் 1 தேக்கரண்டி, கொக்கோத் தூள் அரைத் தேக்கரண்டி கலக்குங்கள். கொக்கோ இல்லாவிட்டால் சர்பத் நிறம் வரும். நீல வெளிச்சத்தில் எடுப்பதானால் கொக்கோவைப் பாதியாக்குங்கள், இல்லையேல் கருப்பாகத் தெரியும். வெள்ளைச் சேர்ட் இரண்டாவது ஒன்று கைவசம் இருக்கட்டும், முதல் தடவையில் சரிவராது. நடிகரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு லைட் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள், சீனிக்கு எறும்பு வந்துவிடும்.

அனுமதி விடயத்தில் சோம்பல் வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பேர் என்று எழுத்தில் கொடுங்கள். ட்ரோனுக்கு அனுமதி தனி. துப்பாக்கி போன்ற பொம்மையும் இராணுவ உடை போன்ற துணியும் வீதியில் வேண்டவே வேண்டாம். இந்த மண்ணில் அதைப் பார்த்துப் பதறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கத்தி கட்டாயம் என்றால் மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினால் போதும், இருட்டில் அது மின்னுவதே போதுமானது.

சத்தத்தைக் களத்தில் எடுத்து ஒப்பேற்ற முடியாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் போன் மைக்கில் காற்று மட்டுமே பதியும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத் துவாயைச் சுவரில் அடித்தால் கன்னத்து அறை. முழுக் கோவாவில் (முட்டைக்கோஸ்) குத்தினால் வயிற்றுக் குத்து. முருங்கைக்காயை மைக்குக்கு அருகில் படக்கென்று முறித்தால் எலும்பு. கோவாச் சத்தத்தையும் துவாய்ச் சத்தத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முகம் திரும்பும் பிரேமுக்கு ஒரு பிரேம் முன்னால் நகர்த்துங்கள். பின்னணி இசையை அந்த இடத்தில் அரை நொடி அறுத்துவிடுங்கள். குத்திய கோவாவைக் கழுவிச் சுண்டிக்கொள்ளலாம்.